துறவா, சோர்வா?



நோயுற்ற பெரியவர் ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். உணவில் சுவை நாடுவதில்லை. வீட்டு விவகாரங்களில் தலையிடுவதில்லை. ஒரு மூலையில் அமைதியாக அமர்ந்திருக்கிறார். அவரைக் காண வரும் நம் சமூகத்துப் பெரியோர் என்ன சொல்லுகின்றனர்? "அவருக்கு வைராக்கியம் வந்துவிட்டது, புண்ணியசாலி" என்றுதான் சொல்லுகின்றனர். வீட்டாரும் அதைக் கேட்டு மகிழ்கின்றனர். பற்றறுதலை உயர்ந்த பேறாகப் போற்றும் நம்மிடையே இச்சொல் எளிதில் பிறந்துவிடுகிறது. ஆனால் அச்சொல் எல்லா வேளையிலும் உண்மையாக இருப்பதில்லை. அது பிழையாகும்போது, அப்பிழைக்கு விலையாக ஓர் உயிரே போய்விடக்கூடும். இதனை நாம் நூல்களில் படித்து அறிந்துகொள்ளவில்லை. எம் இல்லத்திலேயே கண்டு அறிந்தோம். ஆகவே சற்றுக் கூச்சத்துடனேயே இதை எழுதத் துணிந்தோம்.

எம் இல்லத்தில் நிகழ்ந்தது

நாம் பிறந்தது வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில். ஆசிரியைப் பயிற்சி முடித்து, 1970-களின் தொடக்கத்தில் திருத்தணி வட்டாரத்துப் பள்ளியொன்றில் பணியேற்றோம். டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்கள் தோன்றிய ஊர் இது. அவருடைய பிறந்த நாளாகிய செப்டம்பர் 5 ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுவதால், ஆசிரியர்களாகிய எமக்கு இவ்வூரில் பணியாற்றுவதில் தனிப் பெருமை இருந்தது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதனால் எம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் பள்ளியில் தமிழும் வீட்டில் தெலுங்குமாக வளர்ந்தவர்கள்.

எம் கணவர் அஞ்சல் துறையில் பணியாற்றியவர். இரு மொழிகளிலும் சரளமாக எழுதவும் படிக்கவும் வல்லவர். மணியார்டர் பாரம் நிரப்புவதற்கும், தொலைவிலுள்ள மகனுக்குக் கடிதம் எழுதுவதற்கும் சுற்றுக் கிராமத்தார் அவரைத் தேடி வருவர். ஓய்வு பெற்ற பின்னரும் எம் வீட்டுத் திண்ணை ஒரு சிறு அஞ்சலகம் போலவே இருந்தது. நாள்தோறும் ஒரு தமிழ்ச் செய்தித்தாளும் ஒரு தெலுங்குச் செய்தித்தாளும் படித்து முடித்த பிறகே குளிக்கப் போவார். இங்குள்ள முருகன் மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாள்களைக் குறிப்பன அவை என்பர்; டிசம்பர் 31 அன்று அப்படிகளுக்கே விழா நடக்கும். எம் கணவர் வழிபாட்டுக்காக அன்றி, உடற்பயிற்சிக்காக விடியற்காலையில் அப்படிகளில் பாதிவரை ஏறி இறங்குவது வழக்கம்.

2010-ஆம் ஆண்டு, தம் 65-ஆம் வயதில், அவருக்கு மாரடைப்பு வந்தது. சென்னைக்குக் கொண்டு சென்றோம். அடைபட்ட இரத்தக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் பொருத்தினர். பத்து நாளில் வீடு திரும்பினோம். "இதயம் நன்றாகத் தேறி வருகிறது, மாத்திரைகளை விடாமல் சாப்பிடட்டும், மெல்ல நடக்கட்டும்" என்று கூறி அனுப்பினர். மனத்தைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. அப்போது சொல்லுவதற்கு ஒன்றும் இருப்பதாக எமக்குத் தோன்றவும் இல்லை.

முதலில் செய்தித்தாள்கள் மடிப்புக் கலையாமல் சேரத் தொடங்கின. பின்னர், திண்ணைக்கு வந்தவர்களை "இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பினார். நடக்கச் சொன்னால் "நாளைக்கு" என்பார். இரவு மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு இருட்டில் அமர்ந்திருப்பார். உணவை இரண்டு கவளத்தோடு நிறுத்திவிடுவார். எதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை, ஒன்றையும் வேண்டும் என்று கேட்கவும் இல்லை. அவரைக் காண வந்த உறவினர், "உத்தம சாவகரின் இலக்கணம் இதுதான், வீட்டிலிருந்தே துறவியாகிவிட்டார்" என்றனர். உண்மையை மறைக்காமல் எழுத வேண்டுமானால், அச்சொற்கள் எமக்கும் இனித்தன. நாற்பதாண்டு இல்லறத்தின் கனி இது என்றே எண்ணினோம்.

மூன்றாம் மாதம் ஒருநாள், பழைய தபால்தலைகள் வைத்திருக்கும் அவருடைய மேசை இழுப்பறையைத் துடைக்கத் திறந்தோம். உள்ளே காகிதப் பொட்டலம் ஒன்று இருந்தது. அதில் மூன்று வாரத்து மாத்திரைகள் அப்படியே இருந்தன. இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையும் அவற்றுள் அடக்கம். ஸ்டென்ட் வைத்தவர் முதல் ஓராண்டுக்குள் அதைத் தாமாக நிறுத்தினால் மீண்டும் அடைப்பு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகும் என்று எச்சரித்திருந்தனர்.

"ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்து, பின் சொன்னார்: "இனி எதற்கு? நான் இருந்து உனக்குப் பாரம். எல்லாரும் வைராக்கியம் என்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. சாமாயிகத்தில் உட்கார்ந்தால் பஞ்ச நமஸ்காரமும் வெறும் ஒலியாகப் போகிறது. உள்ளே ஒன்றுமே இல்லை."

அக்கணத்தில் எமக்கு நினைவு வந்தது பயிற்சிப் பள்ளியில் கல்வி உளவியல் கற்பித்த ஆசிரியையின் சொல். "சத்தம் போடும் பிள்ளையை எல்லாரும் பார்ப்பார்கள். சத்தமே போடாத பிள்ளையை நீங்கள் பாருங்கள், நல்ல பிள்ளை என்று எண்ணி அவனை விட்டுவிடாதீர்கள்" என்று அவர் அடிக்கடி கூறுவார். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அதைப் பின்பற்ற ஓரளவு முயன்ற நாம், இருவர் மட்டுமே வாழும் வீட்டில் மறந்துபோனோம்.

மருத்துவ உலகம் கண்டது

பின்னர் நாம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுவோம்.

துயரம் உயிரைப் பறிக்கும் என்பது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. சிலப்பதிகாரத்தில் தன் தீர்ப்புத் தவறென்று அறிந்த பாண்டியன் அரியணையிலேயே உயிர் துறக்கிறான். கோப்பெருந்தேவியும் உடன் இறக்கிறாள். மகனும் மருமகளும் மடிந்த செய்தி கேட்டுக் கோவலன் தாயும், மகளை இழந்த கண்ணகியின் தாயும் இறக்கின்றனர். இதைக் கவிக் கற்பனை என்று நாம் மாணவர்க்குக் கற்பித்திருக்கிறோம். ஆனால் 1990-ஆம் ஆண்டில் சப்பானிய மருத்துவர்கள், பேரதிர்ச்சியால் இதயத்தின் கீழறை பலூன் போல வீங்கித் தற்காலிகமாகச் செயல் குன்றும் ஒரு நிலையை விவரித்தனர். அவ்வடிவம் ஆக்டோபஸ் பிடிக்கும் சட்டியை ஒத்திருந்ததால் அந்நிலைக்கு 'டாகோட்சுபோ' என்று பெயரிட்டனர். முதிய பெண்மணிகளிடையே இது மிகுதி. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர். சிலர் இறந்தும் போகின்றனர்.

இது திடீர் அதிர்ச்சியின் விளைவு. எம் கணவருக்கு நேர்ந்ததோ மெல்ல அரிக்கும் சோர்வு. அதனைப் பற்றிய முக்கியமான ஆய்வு கனடா நாட்டு மான்ட்ரியல் நகரில் நடந்தது. நான்சி ஃப்ரேசர்-ஸ்மித் என்ற அம்மையாரும் அவர்தம் குழுவினரும் மாரடைப்பிலிருந்து பிழைத்த 222 பேரைக் கவனித்து, 1993-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மனச்சோர்வு நோய் உடையவர்கள் ஆறு மாதத்திற்குள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. இதயத்தின் பலவீனத்தையும், முன்னர் வந்த மாரடைப்பையும் கணக்கில் எடுத்த பின்னரும் இந்த வேறுபாடு நீடித்தது. பிற்காலத்துப் பெரிய ஆய்வுத் தொகுப்புகளில் இவ்விகிதம் இரு மடங்கை ஒட்டிக் குறைந்தது என்றாலும், தொடர்பு இருப்பது உறுதியாயிற்று. மாரடைப்பு வந்தவர்களுள் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் உண்டாகிறது. 2014-ஆம் ஆண்டில் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட அறிக்கை, மாரடைப்பு போன்ற கடும் இதய நோய்க்குப் பின் நோயாளியின் எதிர்காலத்தைப் பாதிக்கும் ஆபத்துக் காரணிகளுள் ஒன்றாக மனச்சோர்வையும் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நம் தமிழகத்தின் நிலை என்ன? சென்னையில் 25,455 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. இது நோயாளிகளிடம் எடுத்த கணக்கு அன்று. வீடுதோறும் வாழும் சாதாரண மக்களிடம் எடுத்த கணக்கு. தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டாரைவிடச் சுமார் ஆறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதை, 52 நாடுகளில் நடந்த ஆய்வொன்று காட்டியது. கேரளத்தில் பிறந்து பெங்களூரில் மருத்துவம் பயின்ற டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் நடந்த அவ்வாய்வின் முதல் முடிவுகள் 2004-இல் வெளிவந்தன. புகை, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு மன அழுத்தமும் மனச்சோர்வும் மாரடைப்புக்குரிய ஒன்பது காரணிகளுள் ஒன்றாக அதில் இடம்பெற்றன.

மனம் எவ்வாறு இதயத்தைத் தொடுகிறது? இரு வழிகளில் என்கின்றனர். முதல் வழி நடத்தை. சோர்ந்தவர் மாத்திரையை விடுவார், நடப்பதை விடுவார், உணவு ஒழுங்கை விடுவார். எம் வீட்டு இழுப்பறையே இதற்குச் சாட்சி. இரண்டாம் வழி உடலின் உள்ளே. அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புகள் மிகுகின்றன. இரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டி உறைகின்றன. இதயத் துடிப்பு சூழ்நிலைக்கேற்ப நெகிழ்ந்து கொடுக்கும் தன்மை குறைகிறது. உடலில் அழற்சி கூடுகிறது. ஆகவே 'எல்லாம் மனப்பிரமை' என்று தள்ளுவதற்கு இடமில்லை.

ஆயுள் நீளாவிட்டால் சிகிச்சை எதற்கு?

இங்கு நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மனச்சோர்வு மரணத்தை விரைவுபடுத்துகிறது என்றால், அதற்குச் சிகிச்சை அளித்தால் ஆயுள் நீளுமன்றோ? அப்படித்தான் அறிஞர்களும் எதிர்பார்த்தனர். அமெரிக்காவில் 2,481 நோயாளிகளிடம் நடந்து 2003-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், பேச்சுவழிச் சிகிச்சை பெற்றவர்களின் மனச்சோர்வு ஓரளவு குறைந்தது. ஆனால் அவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் வாழவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் 369 பேரிடம் நடந்த ஆய்வு, செர்ட்ரலின் என்னும் மனச்சோர்வு மாத்திரை மாரடைப்பு வந்தவர்க்கும் பாதுகாப்பானது என்று காட்டியது. தென் கொரியாவில் 300 பேரை எட்டாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அதே வகையைச் சேர்ந்த வேறொரு மாத்திரையைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கும், பெறாதவர்களில் நூற்றுக்கு 54 பேருக்கும் மரணமோ மீண்டும் பெரிய இதயக் கோளாறோ நேர்ந்தது. நம் நாட்டில் 24 மருத்துவமனைகளில் 3,959 நோயாளிகளிடம் யோகப் பயிற்சியைச் சோதித்தனர். 2020-இல் வெளியான முடிவு, பயிற்சி பெற்றவர்களின் உடல் மன நலம் மேம்பட்டதையும் அவர்கள் பழைய வேலைகளுக்குத் திரும்பியதையும் காட்டியது. மரண எண்ணிக்கையில் உறுதியான வேறுபாட்டைக் காட்டவில்லை.

ஆக, சிகிச்சை ஆயுளை நீட்டும் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. "அப்படியானால் எதற்கு இத்தனை செலவும் அலைச்சலும்?" என்று எம்மைக் கேட்டவர் உண்டு. நாம் திருப்பிக் கேட்டோம்: பல்வலிக்கு மருந்து கொடுத்தால் ஆயுள் நீளும் என்பதற்காகவா கொடுக்கிறோம்? துன்புறும் உயிரின் துன்பத்தைத் துடைப்பதற்கு வேறு காரணம் தேவையா? எறும்பின் வேதனைக்கும் இரங்கி, நடக்கும் வழியைப் பார்த்து நடக்கும் மரபில் வந்த நாம், நம் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் வேதனைக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது அகிம்சையாகுமா? வாழ்நாளின் அளவைவிட வாழும் தன்மையே பெரிது என்று போதிப்பதும் நம் மரபே அன்றோ?

ஆகமம் சொல்லுவது

"சோகம் கர்ம வினை, அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும்" என்பாரும் உளர். இதையும் ஆராய்வோம்.

உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரம், மோகனீய கர்மத்தின் வகைகளைக் கூறும்போது ஒன்பது நோகஷாயங்களை எண்ணுகிறது. அவற்றுள் அரதி என்பதும் சோகம் என்பதும் இடம்பெறுகின்றன. எதிலும் மனம் பொருந்தாமை அரதி. துயரத்தில் அழுந்துதல் சோகம். மருத்துவர் மனச்சோர்வைக் கண்டறியக் கேட்கும் இரண்டு முதற் கேள்விகளும் இவையே என்பதை அறிந்தபோது நாம் வியந்தோம். "இரண்டு வாரமாக எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இன்றி இருக்கிறீர்களா? மனம் துயருற்று நம்பிக்கை இழந்திருக்கிறீர்களா?" என்பதுதான் அவர்கள் கேட்பதன் சாரம்.

நோகஷாயமும் பந்தத்திற்கே காரணமாகும். விடுதலையின் அடையாளம் ஆகாது. எனவே அரதியை வைராக்கியம் என்று அழைப்பது ஆகமத்திற்கும் பொருந்தாது. அதே நூல் ஆர்த்த தியானத்தை நால்வகையாகப் பிரிக்கிறது: விரும்பியது பிரிதல், விரும்பாதது கூடுதல், வேதனை, நிதானம். நோயின் வேதனையிலேயே எண்ணம் சுழன்றுகொண்டிருப்பது அதில் ஒரு வகை. புறத்தே பார்த்தால் ஆர்த்த தியானமும் அமைதியாகத்தான் அமர்ந்திருக்கும். தரும தியானமும் அமைதியாகத்தான் அமர்ந்திருக்கும். இருக்கையைக் கண்டு முடிவு செய்தது எம் பிழை.

"ஆர்த்த தியானம் என்றால் அது அவர் குற்றமாயிற்றே, அவரே மனத்தை அடக்கிக்கொள்ளட்டும்" என்று சொல்லலாமா? காய்ச்சலும் அசாதா வேதனீயத்தின் உதயமே. அதற்காகக் காய்ச்சலில் கிடப்பவரிடம் நாம் அவ்வாறு சொல்லுவதில்லை. கஷாயம் வைத்துக் கொடுக்கிறோம். கர்மத்தின் உதயத்துக்கும் தணிவுக்கும் புற நிமித்தங்கள் உண்டு என்பது நம் கொள்கை. மருந்தும் ஒரு நிமித்தம். ஆறுதலான சொல்லும் ஒரு நிமித்தம். நால்வகைத் தானங்களுள் ஔஷத தானம் ஒன்று. நோயுற்றார்க்குப் பணிபுரியும் வையாவிருத்தியம் அகத் தவங்களுள் ஒன்று. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஸ்திதிகரணம் என்பதும் ஒன்று. தளர்ந்து நழுவுகின்றவனை மீண்டும் நிலைநிறுத்துதல் என்பது அதன் பொருள். நழுவுகின்றவனைப் பார்த்து "ஆகா, எவ்வளவு அழகாக விட்டுவிடுகிறான்" என்று வியப்பது ஸ்திதிகரணம் ஆகாது.

சல்லேகனை பற்றி ஒரு சொல்

எம் கணவர் தம் முடிவுக்குச் சல்லேகனை என்ற பெயர் சூட்டிக்கொள்ளவும் விரும்பினார். மாத்திரைகளைக் கண்டெடுத்த மறு வாரம், வந்தவாசிப் பக்கம் வாழ்ந்த அவருடைய தாய்மாமனிடம் அழைத்துச் சென்றோம். எண்பது கடந்த சாவகர், ஆகமங்களில் தோய்ந்தவர். மருமகன் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு, "அப்பா, நீ சல்லேகனை கேட்டு வந்தாயா, சாவு கேட்டு வந்தாயா?" என்றார். எம் கணவர் விடை சொல்லவில்லை. பெரியவர் தொடர்ந்தார்: "சாவை விரும்புவது சல்லேகனையின் அதிசாரங்களுள் ஒன்று. உன்னிடம் இப்போது இருப்பது அதுதான். முதலில் வைத்தியரைப் பார். மனம் தெளிந்த பிறகு வா. அப்போது தரும விஷயம் பேசுவோம்."

இரத்தின கரண்டக சிராவகாசாரமும், அதன் வழிநின்ற நம் தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் பயின்ற வாசகர்க்கு இது புதிதன்று. நீக்க முடியாத இடையூறு, பஞ்சம், மூப்பு, தீராப் பிணி ஆகியவை நேர்ந்தபோதே, தெளிந்த மனத்தோடு, பகையும் பற்றும் நீக்கி மேற்கொள்வது அவ்விரதம். வாழ வேண்டும் என்ற தவிப்பும் குற்றம். இறக்க வேண்டும் என்ற வேட்கையும் குற்றம்.

2015-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று இராசத்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கருதித் தடை விதித்தபோது, நாடெங்கும் ஜைனப் பெருமக்கள் அமைதி ஊர்வலம் சென்றனர். அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. நம் விரதம் தற்கொலை அன்று என்று உலகத்தார்முன் வாதாடுகிறோம். அவ்வாதம் நிலைக்க வேண்டுமானால், சோர்வினால் உணவையும் மருந்தையும் மறுப்பவரை அவ்விரதத்தின் பெயரால் கைவிடாமல் காப்பது முதலில் நம் கடமை.

வேறுபாடு அறிவது எப்படி?

முதுமையில் உண்மையாகவே பற்றுக் குறைவோர் உண்டு. அவர்களையெல்லாம் மனநோயாளர் என்று மருத்துவரிடம் இழுத்துச் செல்வதும் தவறே. நாம் கண்ட அளவில் சில அடையாளங்களைச் சொல்லுவோம்.

பற்று நீங்கியவர் பொருளை விடுகிறார், கருணையை விடுவதில்லை. பேரக் குழந்தை விழுந்தால் முதலில் எழுபவர் அவரே. சோர்ந்தவருக்கோ அன்பும் எட்டாத் தொலைவில் இருக்கும். பற்று நீங்கியவருக்கு ஜபமும் சுவாத்தியாயமும் மேலும் இனிக்கும். சோர்ந்தவருக்கு அவையும் கசக்கும். பற்று நீங்கியவர் தம்மைப் பற்றி அதிகம் எண்ணுவதில்லை. சோர்ந்தவர் "நான் பயனற்றவன், பாரம்" என்று தம்மையே எண்ணி நோவார். முன்னவர் மெலிந்தாலும் உறங்குவார். பின்னவர் நடு இரவில் விழித்துக் கிடப்பார். முன்னவர் ஒன்றை விடும்போது, ஏன் விடுகிறோம் என்று சொல்லுவார். பின்னவர் ஒளித்து வைப்பார்.

இவ்வடையாளங்களும் சில வேளை மயக்கம் தரும். இதயம் பலவீனப்பட்டாலும் அசதி உண்டாகும். தைராய்டு குறைந்தாலும் உண்டாகும். ஆகவே முடிவு செய்வது மருத்துவர் வேலை. கவனித்துச் சொல்லுவது நம் வேலை.

நாம் செய்யத்தக்கவை

மாரடைப்பு வந்தவரின் வீட்டார் முதல் ஆண்டில் அவர் மனநிலையையும் மருத்துவரிடம் தாமே சொல்ல வேண்டும். மருத்துவர் கேட்கட்டும் என்று காத்திருத்தல் கூடாது. மாத்திரைகளை அவர் உட்கொள்ளுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

நம் ஒழுக்கத்தால் எழும் தடைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாத்திரைக் கூடுகளில் விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின் சேர்கிறது என்று சிலர் சொல்லாமலேயே அவற்றை விட்டுவிடுகின்றனர். இரவில் உண்ணா விரதம் உடையோர் இரவு மாத்திரையை விடுகின்றனர். பல மருந்துகள் கூடு இல்லாத மாத்திரையாகவும் கிடைக்கும். பலவற்றைப் பகலிலேயே உட்கொள்ளும்படி மாற்றியமைக்கலாம். கேட்டால் மருத்துவர் வழி சொல்லுவார். கேளாமல் நிறுத்துவது ஆபத்து. மனச்சோர்வு மாத்திரை பலன் தரப் பல வாரங்கள் ஆகும் என்பதையும், அதனையும் திடீரென்று நிறுத்தலாகாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மனநல மருத்துவரைக் காண நாணம் வேண்டா. நம் நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவராகிய டாக்டர் சாரதா மேனன் அம்மையார் பணியாற்றியது நம் சென்னையில்தான். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை வழிநடத்திய அவர் 1984-இல் 'ஸ்கார்ஃப்' என்ற அமைப்பையும் நிறுவினார். இன்று சென்னைக்குச் செல்ல இயலாதவர்களும் 2022-இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் அதை விளையாட்டாகவோ வேதாந்தமாகவோ கொள்ளாமல், அவரைத் தனியே விடாமல், அன்றே உதவி தேட வேண்டும்.

நோயாளியைக் காணச் செல்வோர்க்கும் ஒரு வேண்டுகோள். புகழ்ந்து விட்டு வந்துவிடாதீர்கள். சற்று நேரம் உடன் அமருங்கள். இரண்டு தெரு நடக்க அழையுங்கள்.

எம் கணவர் மனநல மருத்துவரைக் கண்டார். மாத்திரையும் தந்தனர்; வாரந்தோறும் பேசவும் செய்தனர். முதல் மாதம் மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஏழாம் வாரத்தில் ஒரு காலை, மூலையில் கிடந்த தெலுங்குச் செய்தித்தாளை எடுத்து மூன்று நாள் பழைய செய்தியைப் படித்துக்கொண்டிருந்தார். நாம் பழையது என்று சொல்லவில்லை. பின்னர்த் திண்ணைக்கு மீண்டும் ஆட்கள் வந்தனர். மலைப்படிகளில் பாதிவரை ஏற முடியவில்லை; சரவணப் பொய்கைவரை நாள்தோறும் நடந்தார்.

அவர் 2018-இல் மீண்டும் இதய நோயினாலேயே காலமானார். சிகிச்சையால் அவர் ஆயுள் நீண்டதா என்று எமக்குத் தெரியாது. அந்த எட்டாண்டில் அவர் எழுதிக் கொடுத்த கடிதங்கள் பல. தாய்மாமன் சொன்னபடி மனம் தெளிந்த பின் அவரிடம் மீண்டும் சென்று தரும விஷயமும் பேசினார். இறுதி ஆண்டுகளில் தாமாகவே சில பொருள்களின்மேல் பற்றை விட்டார். எவற்றை, ஏன் விடுகிறார் என்று எம்மிடம் சொல்லியே விட்டார். தம் தபால்தலைத் தொகுப்பைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுத்த நாளில், அவர் முகத்தில் கண்ட அமைதியையும் நாம் அறிவோம். 2010-இல் அம்மூலையில் கண்ட அமைதியையும் அறிவோம். இரண்டையும் ஒன்றென்று எண்ணிய எம் பிழை வேறெவர்க்கும் நேராதிருக்கட்டும்.

அறம் வளர்க. எல்லா உயிரும் நலம் பெறுக.